பரேலுக்கு எந்த அடுப்பிலிருந்து சாப்பாடு?

அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய்க் கட்டி என்று உறுதியான வாரத்தில் எங்கள் வீட்டில் மருந்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது மருத்துவர்கள் பாடு என்று விட்டுவிட்டோம். சண்டை வந்தது சோற்றைப் பற்றி.

அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிகிச்சைக்கென்று அம்மாவோடு மும்பைக்கு வந்திருந்தார். நான் குடியிருப்பது சயானில். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய வீடு. தம்பிக்கு டோம்பிவிலியில் காற்றோட்டமான பெரிய வீடு, ஆனால் அங்கிருந்து மருத்துவமனை இருக்கும் பரேலுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தர்மசாலையில் அறை எடுத்துவிடலாம் என்றார் மாமா. மாட்டுங்காவில் மாதக் கணக்கில் சாப்பிடும் அண்ணன் மகன், அந்த மெஸ்ஸிலிருந்தே டப்பா அனுப்பச் சொல்கிறேன், யாரும் கஷ்டப்பட வேண்டாம் என்றான். ஊரிலிருந்து போன் செய்த அத்தைக்கு இது எதுவுமே வேண்டியிருக்கவில்லை. நல்ல புரதப் பொடியாக நான்கு டின் வாங்கிப் போடுங்கள், மற்றபடி கஞ்சி போதும் என்று முடித்துவிட்டாள்.

ஆக நான்கு அடுப்புகள்: வீடு, தர்மசாலை, மெஸ், டின். ஒன்பது மாதத்தில் நான்கையும் பார்த்தாயிற்று. இதே சந்தியில் நிற்கிற குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய உண்டு என்பதால் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவமனையின் உணவியல் நிபுணர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு சமைத்தவள், அவ்வளவுதான். உங்கள் நோயாளிக்கான அளவை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பத்தியத்தைத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது

ஈரலில் கோளாறு என்றாலே நம் வீடுகளில் மஞ்சள் காமாலைப் பத்தியம்தான் நினைவுக்கு வரும். எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, முட்டை கூடவே கூடாது. அரிசிக் கஞ்சி, மோர், கரும்புச் சாறு. அம்மாவும் முதல் வாரம் அப்படித்தான் போட்டாள். அப்பாவும் சமர்த்தாகக் குடித்தார். இரண்டாவது வாரத்தில் அவருடைய கைக்கடிகாரம் மணிக்கட்டில் தொளதொளவென்று சுற்றியது.

ஈரலில் உருவாகும் புற்றுநோய் பெரும்பாலும் ஏற்கெனவே தழும்பேறி இறுகிப்போன ஈரலில்தான் வருகிறது. ஹெபடைடிஸ் பி, சி, குடி, கொழுப்பு ஈரல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி. இப்படி இறுகிய ஈரலுக்குச் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் திறன் குறைந்துவிடும். நமக்கு இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலும் ஈரலில் இருக்கிற கையிருப்பு காலைவரை தாங்கும். அவர்களுக்கு அந்தக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. உடல் தசையைக் கரைத்து எரிக்கத் தொடங்குகிறது. அவர்களுடைய ஓர் இரவுப் பட்டினி நம்முடைய இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம் என்று நிபுணர் சொன்னபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இரவு ஏழரைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு அடுத்த கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டரை மணி நேரம்.

சிரோசிஸ் என்கிற இந்த ஈரல் இறுக்கத்துக்கு ஐரோப்பிய மருத்துவச் சத்துணவுச் சங்கத்தின் வழிகாட்டி சொல்லும் கணக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். ஆற்றல் 30 முதல் 35 கிலோ கலோரி. அப்பா 60 கிலோ. அப்படியென்றால் 72 முதல் 90 கிராம் புரதம், ஏறக்குறைய 2,000 கலோரி. ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியில் நாற்பது கிராம் அரிசி போட்டால் மூன்று கிராம் புரதம் தேறும். நாள் முழுக்க ஆறு கிண்ணம் குடித்தாலும் பதினெட்டுதான்.

புரதம் கொடுத்தால் அம்மோனியா ஏறி நினைவு தடுமாறும் என்ற பயம் பெரியவர்களுக்கு இருக்கிறது. அது ஆதாரமில்லாமல் வந்த பயமும் இல்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள். 2004-ல் பார்சிலோனாவில் அப்படித் தடுமாறிய நோயாளிகளையே இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குறைத்தும் இன்னொரு பிரிவுக்கு வழக்கமான அளவிலும் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். குறைத்ததால் பயன் ஏதும் இல்லை. தசை அழிவுதான் கூடுதலாக இருந்தது. பருப்பு, பால், தயிர் ஆகியவற்றின் புரதம் இத்தகையவர்களுக்கு இறைச்சியைவிட எளிதாக ஒத்துக்கொள்கிறது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும், மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கிப் பாகைத் தவறவிடாமல் இருப்பதும்தான் அங்கே முக்கியம். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கை நடுங்குவது, பேச்சில் கோர்வை குறைவது இவற்றைக் கண்டால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆகவே நான்கு அடுப்புகளிடமும் நாங்கள் கேட்ட கேள்விகள் இவை. எழுபத்தைந்து கிராம் புரதம் தட்டுக்கு வருமா? உப்பு நம் கையில் இருக்குமா? சாப்பாடு சுத்தமா? எல்லாவற்றுக்கும் மேல், இரவு பத்து மணிக்கு ஏதாவது கிடைக்குமா?

டப்பா

எளிதில் தீர்ந்துபோகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மும்பையின் டப்பாவாலாக்கள் 1890-லிருந்து இந்த ஊருக்குச் சோறு சுமக்கிறார்கள். மதியச் சாப்பாட்டை நேரம் பிசகாமல் கொண்டுவந்து வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. மாட்டுங்காவின் உடுப்பி, பாலக்காட்டுச் சமையலறைகளின் கைமணத்தைப் பற்றியும் எனக்குக் குறையில்லை. என் குறை, மெஸ் சாப்பாடு ஆரோக்கியமானவனுக்காகச் சமைக்கப்படுவது என்பதுதான். நாங்கள் வாங்கிய இடத்தில் சோறு மலையாக இருந்தது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. ரசத்தில் உப்பு, பொரியலில் உப்பு, இரண்டு அப்பளம், ஓரத்தில் மாங்காய் ஊறுகாய். அப்பாவுக்கு அப்போது வயிற்றில் நீர் கோத்திருந்தது. நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது ஐந்து கிராம் அளவுக்குள் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு டப்பாவே நாள் கணக்கைத் தின்றிருக்கும்.

அப்பளத்தை உப்புக்காக மட்டும் பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்பளக்காரமும் சோடியம்தான், ஆப்பசோடாவும் சோடியம்தான். பேக்கரியில் வாங்கும் பாவ் ரொட்டியிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் ஒரு பொட்டலம் விற்கிறார்கள், அதை வாங்கி மெஸ்ஸில் கொடுத்துவிடலாம் என்று அண்ணன் மகன் யோசனை சொன்னான். நல்ல வேளையாகக் கேட்டுவிட்டுச் செய்தோம். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். நீர் இறங்குவதற்காகக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையே பொட்டாசியத்தை உடலில் தேக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்புக்கு ஆபத்து. அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இளநீரைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கையில் இளநீரோடுதானே வருகிறார்கள்!

டப்பாவை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகிற ஒற்றை ஆள்தான் துணைக்கு இருக்கிறார், மதியம் வீட்டில் யாரும் இல்லை என்றால் அதுவே வழி. ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம், உப்பில்லாத கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், உப்பில்லாத தயிர் ஒரு கிண்ணம், சோறு பாதி என்று சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். மதியம் ஒரு வேளை அது தாங்கும். நாளுக்கு ஆறு வேளை கொடுக்க வேண்டியவருக்கு மற்ற ஐந்து வேளைக்கு அதை நம்ப முடியாது. பத்து மணிக் கேள்விக்கு அதனிடம் பதிலே இல்லை. மழைக்காலத்தில் சட்னி, நறுக்கிய வெங்காயம், வெள்ளரி எதுவும் வெளியிலிருந்து வேண்டாம். இறுகிய ஈரல் உள்ளவர்களைக் கிருமி சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

டின்

அத்தை சொன்ன டின்னில் பாதி உண்மை இருந்தது. கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் வழியாக மருந்தைச் செலுத்தி அந்தக் குழாயையே அடைக்கும் சிகிச்சை அப்பாவுக்கு இருமுறை நடந்தது. ‘டேஸ்’ என்பார்கள். அதற்குப் பிறகு சில நாள் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, குமட்டல். எதையும் மெல்லப் பிடிக்காது. தாளிக்கிற வாசனை வந்தாலே எழுந்து போய்விடுவார். அந்த நாட்களில் குளிர்ந்த பாலில் கரைத்த பொடிதான் கைகொடுத்தது. சூடான பானத்தைவிடக் குளிர்ந்ததில் வாசனை குறைவு என்பதால் குமட்டல்காரர்களுக்கு அது இறங்குகிறது.

ஆனால் டின்னின் முகப்பை நம்பாதீர்கள், முதுகைப் படியுங்கள். நூறு கிராமில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருப்பார்கள். நாம் சத்து பானம் என்று சிறு வயதிலிருந்து குடித்த மால்ட் பொடிகளில் புரதம் கொஞ்சம், சர்க்கரை நிறைய. 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசின் வணிக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களிடம் இவற்றை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவிலிருந்து நீக்கச் சொல்லும் அளவுக்கு விவகாரம் போனது. ஈரல் நோயாளிகளில் பலருக்கு நீரிழிவும் சேர்ந்தே இருக்கும். அவர்களுக்கு அந்தச் சர்க்கரை கூடுதல் தொல்லை. உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் குடிக்கிற பொடியும் வேண்டாம். அவற்றில் மூலிகைச் சாறுகளையும் வேறு எதையெதையோவும் சேர்த்திருப்பார்கள். ஈரலுக்கென்று தனி அமினோ அமிலங்கள் சேர்த்த பொடிகள் உண்டு, விலையும் அதற்கேற்றபடி உண்டு. புரதமே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது அது. நாமாகப் போய் வாங்க வேண்டியதில்லை.

விலையைப் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். அவித்த முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம். இருநூறு மில்லி பாலில் ஆறு கிராமுக்குச் சற்று மேல். உளுந்தில் நூறு கிராமுக்கு இருபத்து நான்கு. எந்த டின்னும் இவற்றின் விலைக்கு வராது. அவசரத்துக்கு ஒரு டின் இருக்கட்டும். நான்கு வேண்டாம்.

தர்மசாலை

பரேலில் டாடா நினைவு மருத்துவமனை 1941-ல் தொடங்கியது. நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்து சேர்கிறார்கள். அறை கிடைக்காதவர்கள் நடைபாதையில் பாயை விரித்துப் படுப்பதை அந்தப் பக்கம் போன எவரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் தமிழும் காதில் விழும். தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை, பரேலிலேயே நானா பால்கர் ஸ்ம்ருதி சமிதியின் இல்லம், பாந்த்ராவில் எர்னஸ்ட் போர்ஜஸ் நினைவு இல்லம் என்று நோயாளிகள் தங்குவதற்கான இடங்கள் உண்டு. காட்கே மகராஜ் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தெருக் கூட்டியவர். அவர் பெயரில் இருக்கும் இடத்தில் தங்குவதில் அம்மாவுக்கு ஒரு மரியாதை இருந்தது. இடம் கிடைக்க வேண்டுமே. முதலிலேயே மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் போய்க் கேட்பது நல்லது.

நாங்கள் இரண்டு வாரம் வேறொரு இல்லத்தில் தங்கினோம், பெயர் வேண்டாம். இடம் சுத்தம், மனிதர்கள் தங்கம். மதியமும் இரவும் சப்பாத்தி, பருப்பு, சோறு, ஒரு காய். சப்பாத்தியைப் பார்த்து அப்பா முகம் சுளித்தார் என்பது வேறு விஷயம். இதையும் சொல்ல வேண்டும்: அந்தச் சாப்பாட்டில் பருப்பு கெட்டியாக இருந்தது, எங்கள் அரிசிக் கஞ்சியைவிடப் பல மடங்கு மேல். மராட்டியர் வீட்டுப் பாசிப்பருப்புக் கிச்சடியை நம் பொங்கலுக்குச் சித்தப்பா மகன் என்று அறிமுகப்படுத்திய பிறகு அப்பா அதை விரும்பியே சாப்பிட்டார். நாச்சணி என்று இங்கே கடைகளில் விற்பது நம் கேழ்வரகுதான் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பாதி ஊர் திரும்பி வந்துவிட்டது.

சிக்கல் நேரத்தில் வந்தது. இரவு உணவு ஏழு மணிக்கு. எட்டரைக்குச் சமையலறைப் பூட்டு. அறைக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்பது விதி. தீ விபத்துக்குப் பயந்து போட்ட நியாயமான விதி. காலைச் சிற்றுண்டி எட்டுக்கு. ஆக, விட்ட இடத்துக்கே திரும்பினோம்: பதின்மூன்று மணி நேர இடைவெளி. ஃபிளாஸ்க்கில் சூடான பால், இரண்டு வாழைப்பழம், பொரிகடலை உருண்டை என்று ஒப்பேற்றினோம். ஒப்பேற்ற முடிந்தது என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அறையைப் பார்க்கும்போது குளியலறையைப் பார்ப்பதுபோல் இதையும் கேளுங்கள்: இரவு பால் காய்ச்ச இடம் உண்டா, சிறிய குளிர்சாதனப் பெட்டி உண்டா, காலை ஆறு மணிக்குச் சுடுநீர் கிடைக்குமா?

வீடு

கடைசியில் சயானுக்கே வந்தோம். டோம்பிவிலியின் காற்றோட்டத்தைவிடப் பரேலுக்கு மூன்றாவது நிலையம் என்ற நெருக்கம் எடை கூடியது. மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில் தம்பி மனைவி டோம்பிவிலியிலிருந்து ஒருமுறை சமைத்துக் கொண்டுவந்தாள். காலை ஐந்து மணிக்கு வடித்த சோறு, கூட்ட நெரிசலில் இரண்டு ரயில்களை விட்டு மூன்றாவதில் ஏறி, பத்தரைக்கு வார்டு வந்தது. சூடாகவும் இல்லை, குளிரவும் இல்லை. மும்பைப் புழுக்கத்தில் வெதுவெதுப்பாகக் கிடக்கிற சோறுதான் வயிற்றைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி. வடித்த சோற்றில் பிழைத்திருக்கும் ஒரு வகைக் கிருமி அந்தச் சூட்டில் பெருகி நஞ்சை விடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அவள் கண் கலங்க நின்றபோது அந்தச் சோற்றைக் கொட்டுவது எளிதாக இருக்கவில்லை. கொட்டினோம். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் வாய்க்குப் போகாத எதையும் கொண்டுவர வேண்டாம் என்று அன்றே முடிவாயிற்று. மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் அங்கே கொடுக்கும் சாப்பாட்டோடு அவித்த முட்டையும் கெட்டித் தயிரும் சேர்த்துக்கொண்டால் போதும். வீட்டுச் சோறுதான் வேண்டும் என்ற பிடிவாதத்தை அந்தச் சில நாட்களுக்கு விட்டுவிடலாம்.

வீட்டின் பலம் ஆறு வேளை. உப்பில்லாமல் சமைத்து, சாப்பிடும் நேரத்தில் தட்டின் ஓரத்தில் அளந்து வைத்தோம். நாக்கில் நேரடியாகப் படுவதால் கொஞ்ச உப்பே போதுமானதாகத் தெரிந்தது. எலுமிச்சை, கொத்தமல்லி, சீரகம், இஞ்சி, கொஞ்சம் புளி எல்லாம் உப்பின் இடத்தை நிரப்பின. சிகிச்சையில் வாயெல்லாம் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது என்றபோது எஃகுக் கரண்டியை எடுத்துவிட்டு மரக் கரண்டி கொடுத்தோம். மீன் வாரம் மூன்று நாள். வாவல், அயிலை என்று கிடைத்ததை வாங்கினோம். ஜூனிலும் ஜூலையிலும் மீன்பிடித் தடைக் காலம் என்பதால் முட்டைக்கும் பனீருக்கும் மாறினோம். கருவாட்டுக்கு மட்டும் இடமில்லை, அது உப்புப் பாறை. அப்பா அதற்காக இன்னும் கோபமாக இருக்கிறார். வேர்க்கடலையை உடைத்துப் பார்த்து, பூஞ்சை வாடையோ கறுப்போ இருந்தால் கொட்டிவிடுவோம். அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் ஈரல் புற்றுநோய்க்கே ஒரு காரணம். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காபியை மட்டும் நிறுத்தவில்லை. காபி குடிப்பவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2015-ல் சொன்னது. வந்த நோயைக் காபி தீர்க்கும் என்று அதற்குப் பொருளில்லை. ஆனாலும் அப்பா அந்தச் செய்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியாத குறைதான்.

பத்து மணிக் கேள்விக்கு விடை எங்கள் ஊரிலேயே இருந்தது: உளுந்தங்கஞ்சி. ஐம்பது கிராம் உளுந்தில் பன்னிரண்டு கிராம் புரதம், அதில் இருநூறு மில்லி பால் ஊற்றினால் பதினெட்டு. கொஞ்சம் கருப்பட்டி, கொஞ்சம் சுக்கு. தாராவி தொண்ணூறடிச் சாலைத் தமிழ்க் கடைகளில் எல்லாம் கிடைக்கும். இப்படி இரவில் கொடுப்பதற்கு ஒரு பரிசோதனையே உண்டு. நியூசிலாந்தில் சிரோசிஸ் நோயாளிகளுக்கு ஒரே அளவு சத்துப் பானத்தை, 710 கலோரி, 26 கிராம் புரதம், ஒரு பிரிவுக்குப் பகலிலும் மற்றொரு பிரிவுக்கு இரவிலும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. இரவில் குடித்தவர்களுக்கு இரண்டு கிலோ தசைக்கு ஈடான புரதம் உடம்பில் ஏறியது. பகலில் குடித்தவர்களுக்கு அது நடக்கவில்லை. கஞ்சியை விடமாட்டேன் என்ற அம்மாவுக்கும் இதனால் தோல்வியில்லாமல் போயிற்று. கஞ்சிதான், அரிசி மாறி உளுந்தாகிவிட்டது.

மாத்திரை தொடங்கியபோது இந்த ஆறு வேளை அட்டவணை குலைந்தது. சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும்; சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது இரண்டு மணி நேரம் பின்பு, நாளுக்கு இருமுறை. அடிக்கடி சாப்பிட வேண்டியவருக்கு வெறும் வயிற்றை எங்கே போய்த் தேடுவது? கடைசியில் இப்படி அமைந்தது: காலை ஆறு மணிக்கு மாத்திரை, ஏழேகாலுக்கு இட்லியும் முட்டையும். மாலை நான்குக்குள் சுண்டல், ஆறு மணிக்கு மாத்திரை, ஏழேகாலுக்கு இரவுச் சாப்பாடு, பத்துக்குக் கஞ்சி. லென்வாடினிப் என்ற இன்னொரு புற்றுநோய் மாத்திரை என்றால் இந்தக் கெடுபிடி இல்லை, சாப்பிட்டும் போடலாம் சாப்பிடாமலும் போடலாம். ஆகவே எந்த மாத்திரை என்று தெரிந்துகொண்டு அடுப்பை முடிவு செய்யுங்கள். மெஸ்ஸோ தர்மசாலையோ இந்த மணிக்கணக்குக்கு வளையாது. இடையில் ஒரு செய்தி. மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் விற்ற இந்த சோராஃபெனிப்பை, மாதம் 8,800 ரூபாய்க்குத் தயாரித்து விற்க ஓர் இந்திய நிறுவனத்துக்கு 2012 மார்ச்சில் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே தயாரிக்கும் அனுமதி, வழங்கப்பட்டது. ஆணை பிறந்ததும் மும்பைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். இல்லையென்றால் நாங்கள் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கும் நிலையில் இருந்திருக்க மாட்டோம்.

வீட்டின் பலவீனம் சமைக்கிறவரின் உடம்பு. முதல் மாத முடிவில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது; அம்மாவுக்கு இரத்த அழுத்தம். அதன் பிறகுதான் மதியம் ஒரு வேளையை மேலே சொன்ன மாதிரி திருத்திய டப்பாவுக்கு விட்டோம். அண்ணன் மகனுக்கு அதில் ஒரு வெற்றிப் புன்னகை.

ஐந்தாவது அடுப்பு ஒன்றும் உண்டு, அது வாட்ஸ்அப்பில் எரிகிறது. கீழாநெல்லி அரைத்துக் கொடு, சீந்தில் சாறு கொடு, சர்க்கரையை அறவே நிறுத்திப் புற்றைப் பட்டினி போடு. கீழாநெல்லிக்கு ஒரு கதை உண்டு: 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. அதுவும் வைரஸைப் பற்றியது, புற்றுநோயைப் பற்றியது இல்லை. சீந்தில் விஷயம் இன்னும் பக்கத்தில் நடந்தது. கொரோனாக் காலத்தில் அதைக் குடித்துவிட்டு ஈரல் பாதிப்போடு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல அப்பாவின் ஈரலைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்காது; நோயாளிதான் கிடப்பார்.

என் கணக்கைச் சொல்கிறேன். மும்பையில், பரேலுக்கு அரை மணி நேரத்துக்குள் உறவினர் வீடு இருந்தால் வீடு. மதியம் மட்டும் டப்பா. வீடு டோம்பிவிலி, விரார் என்று தொலைவில் இருந்தால் சிகிச்சை நடக்கும் வாரங்களுக்குத் தர்மசாலை, இடைப்பட்ட வாரங்களுக்கு வீடு. ஊரிலிருந்து நோயாளியும் ஒரு துணையும் மட்டும் வருகிறார்கள் என்றால் தர்மசாலையின் பருப்பை நம்புங்கள், ஃபிளாஸ்க் ஒன்று, முட்டை அவிக்கும் வசதி ஒன்று தேடிக்கொள்ளுங்கள். டின் எல்லோர் அலமாரியிலும் ஒன்று. தேர்வு சரியா என்று எடை இயந்திரத்தைக் கேட்காதீர்கள்; வயிற்றில் நீர் ஏறினால் அதுவும் எடையாகத்தான் காட்டும், தசை கரைவது தெரியாது. தையல்காரர் நாடாவால் மேற்கையைச் சுற்றி அளக்கச் சொன்னார் நிபுணர்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை அம்மா அளக்கிறாள். பங்குனியில் இருபத்திரண்டரை சென்டிமீட்டர் வரைக்கும் இறங்கியிருந்தது. போன ஞாயிறு இருபத்து நான்கு. நாள்காட்டியில் பென்சிலால் எழுதிவிட்டு, உளுந்தை ஊறப்போட எழுந்து போனாள்.